கே. சி. எஸ். பணிக்கர்

கே. சி. எஸ். பணிக்கர் (1911 - 1977) தென்னிந்திய நவீன ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவர். சென்னை அரசு கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் முதல்வராகவும் பணியாற்றியவர். 1944 இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தையும், 1966 இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தையும் தோற்றுவித்தார். மனித உருவ ஓவியங்களாலும் இயற்கைக் காட்சிகளாலும் பெயர் பெற்ற இவர், ஐம்பது வயதைக் கடந்த பின்னர் அப்பாணியைக் கைவிட்டு, "சொற்களும் குறியீடுகளும்" என்னும் ஓவிய வரிசையைத் தொடங்கினார். ஓவியம் வாங்கும் வழக்கம் வேரூன்றாத ஒரு நகரில் ஓவியர் எவ்வாறு பிழைப்பது என்ற கேள்விக்கு இவர் கண்ட விடை, இவரது ஓவியங்களுக்கு நிகராகப் பேசப்படுகிறது.

இளமை

கோவலேழி சீரம்பத்தூர் சங்கரன் பணிக்கர் என்பது இவரது முழுப்பெயர். 1911 மே மாதத்தில் கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பத்தின் வேர் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார்ப் பகுதியில், பொன்னானியை அடுத்து இருந்தது. இளமையில் அங்கும் வளர்ந்தார். தென்னந்தோப்புகளும் கால்வாய்களும் நிறைந்த அப்பகுதியின் தோற்றம் இவரது முதற்கால நீர்வண்ண ஓவியங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. பன்னிரண்டு வயதளவில் ஓவியம் வரையத் தொடங்கிய இவர், பதினேழாம் வயதிலேயே சென்னை நுண்கலைக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சியில் தமது ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது தந்தையை இழந்தார். குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு இவர்மீது விழுந்ததால் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் ஒரு காப்பீட்டு நிறுவனத்திலும் பணியாற்றினார். ஓவியத்துக்குக் கிடைத்தது வேலை நேரம் போக எஞ்சிய பொழுது மட்டுமே. பிற்காலத்தில் தம் மாணவர்களின் வருவாய் குறித்து இவர் காட்டிய அக்கறைக்கு, வயிற்றுப் பிழைப்புக்கும் கலைக்கும் இடையே சிக்கியிருந்த இந்த ஆண்டுகளின் அனுபவமும் ஒரு காரணம் எனலாம்.

கலைப்பள்ளியில்

1936 ஆம் ஆண்டில், இருபத்தைந்தாம் வயதில், வேலையை விட்டுவிட்டுச் சென்னை அரசு கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் உள்ள இப்பள்ளி 1850 இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி எனப் பெயர் பெற்றதும் இதுவே. பணிக்கர் சேர்ந்தபோது வங்காளத்தைச் சேர்ந்த சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைவராக இருந்தார். சென்னைக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையையும் காந்தி சிலையையும் வடித்தவர் இவரே. அதுவரை தச்சு, உலோகம், மட்பாண்டம் முதலிய கைத்தொழில்களையே முதன்மையாகப் பயிற்றுவித்து வந்த பள்ளியில், ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் உரிய இடத்தை ஏற்படுத்தியவர் ராய் சௌத்ரி. உயிருள்ள மாதிரியை எதிரே நிறுத்தி மனித உடலை வரைவதும் வடிப்பதும் அவரது பயிற்சியின் அடிப்படையாக இருந்தது.

பணிக்கர் 1940 இல் பட்டயம் பெற்று, 1941 முதல் அதே பள்ளியில் ஆசிரியரானார். 1957 இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றதும் முதல்வர் பொறுப்பை ஏற்று, 1967 வரை அப்பதவியில் இருந்தார். ராய் சௌத்ரியின் ஆளுமைக்கு அடங்கி நடந்த பள்ளி, பணிக்கரின் காலத்தில் விவாதங்கள் நிறைந்த இடமாக மாறியது. மாணவர்கள் தம் ஆசிரியரைப் போல வரைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு குறைந்தது. எஸ். தனபால், எல். முனுசாமி, ஏ. பி. சந்தானராஜ் ஆகியோர் இப்பள்ளியின் குறிப்பிடத்தக்க ஆசிரியர்கள். கே. எம். ஆதிமூலம், எஸ். ஜி. வாசுதேவ், வி. விசுவநாதன், கே. ராமானுஜம், பி. கோபிநாத் முதலியோர் அக்காலத்து மாணவர்கள். பின்னாளில் சென்னைக் கலை இயக்கம் எனப் பெயர் பெற்ற போக்கு இவர்களிடமிருந்தே உருவானது.

முற்போக்கு ஓவியர் சங்கம்

1944 இல் பணிக்கர் சில ஓவியர்களுடனும் மாணவர்களுடனும் இணைந்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் இத்தகைய குழுக்கள் பல இடங்களில் தோன்றின. கல்கத்தா குழுவும் கொழும்பின் 43 குழுவும் 1943 இல் தொடங்கப்பட்டவை. பம்பாயின் முற்போக்குக் கலைஞர் குழு 1947 இல் தோன்றியது. பிரித்தானியக் கலைப்பள்ளிப் பயிற்சியும் வங்காளப் பாணியும் தவிர மூன்றாவது வழி ஒன்று வேண்டும் என்பதே இக்குழுக்கள் அனைத்தின் தேடலாக இருந்தது. சென்னைச் சங்கத்துக்கு வகுத்த கொள்கை அறிக்கை என்று ஒன்று முதன்மையாக இருக்கவில்லை. ஒன்றாகச் சேர்ந்து கண்காட்சி நடத்துவது, அதைப் பிற நகரங்களுக்கும் கொண்டுசெல்வது ஆகியவையே அதன் வேலை. 1961 இல் "ஆர்ட் டிரெண்ட்ஸ்" என்னும் இதழும் வெளிவரத் தொடங்கியது. பம்பாய், தில்லி ஆகிய நகரங்களையே நோக்கியிருந்த கலை விமரிசகர்களின் கவனத்தைத் தெற்கின் பக்கம் திருப்ப இவ்விதழ் உதவியது.

மனித உருவ ஓவியங்கள்

1940களிலும் 1950களிலும் பணிக்கர் வரைந்தவை பெரும்பாலும் மனித உருவங்களும் இயற்கைக் காட்சிகளுமே. மலபார் உழவர் குடும்பங்கள், தாயும் சேயும், தோட்டத்தில் கூடியிருப்போர், விவிலியக் காட்சிகள், புத்தர் பிறந்த லும்பினி ஆகியவை இவரது பொருள்கள். வான் கோ, கோகன் ஆகியோரின் வண்ணப் பயன்பாட்டின் தாக்கத்தை இவற்றில் காணலாம். ஆயினும் ஒளி நிழலைக் கொண்டு உடலுக்குத் திரட்சி கொடுக்கும் ராய் சௌத்ரியின் வழி இவற்றில் படிப்படியாகக் குறைகிறது. அதன் இடத்தைக் கோடு பிடித்துக்கொள்கிறது. உருவங்கள் தட்டையாகி, பார்ப்பவரை நேர்முகமாக நோக்கி நிற்கின்றன. கோயில் சுவரோவியங்களையும் செப்புத் திருமேனிகளையும் கண்டு பழகிய கண்ணுக்கு இது அயலானதாகத் தோன்றுவதில்லை. சென்னைக் கலை இயக்கத்தின் அடையாளமாகப் பின்னர் கொள்ளப்பட்ட கோட்டின் முதன்மை இவ்வோவியங்களிலேயே தொடங்கிவிட்டது.

1954 இல் ஐரோப்பா சென்ற பணிக்கர் லண்டனிலும் பாரிஸிலும் தமது ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கு கண்ட அருவ ஓவியங்களும், தம் ஓவியங்களுக்குக் கிடைத்த எதிர்வினைகளும் இவரைச் சிந்திக்க வைத்தன. தமது கலையில் இந்தியத் தன்மை என்பது வரைந்த பொருளில் மட்டுமே இருக்கிறது, வரைந்த முறையில் இல்லை என்ற எண்ணம் அப்பயணத்துக்குப் பின் இவரிடம் வலுப்பெற்றது. எனினும் அதற்கான மாற்றை இவர் கண்டடைய ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின.

ஓவியம் வாங்காத நகரம்

1950களில் பம்பாய் ஓவியர்களுக்கு இருந்த வாய்ப்புகள் சென்னை ஓவியர்களுக்கு இருக்கவில்லை. பம்பாயில் ஜகாங்கீர் கலைக்கூடம் 1952 இல் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து அங்கு குடியேறியிருந்த சில கலை ஆர்வலர்கள் இளம் ஓவியர்களின் படங்களை வாங்கி ஆதரித்தனர். தில்லியில் தூமிமல் கலைக்கூடம் 1936 முதலே இயங்கி வந்தது. சென்னையில் கண்காட்சி நடத்த விரும்புவோர் அருங்காட்சியகத்தின் மண்டபத்தையோ, அயல்நாட்டுப் பண்பாட்டு நிறுவனங்களின் அறைகளையோ நாட வேண்டியிருந்தது. கண்காட்சி முடிந்ததும் படங்களில் பெரும்பாலானவை வரைந்தவரின் வீட்டுக்கே திரும்பின.

நகரில் பணமோ கலை ஆர்வமோ இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள் மார்கழிதோறும் நிரம்பி வழிந்தன. அடையாற்றில் ருக்மிணி தேவி 1936 இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா நடனத்துக்குப் புதிய மதிப்பைத் தேடித் தந்திருந்தது. ஆனால் அதே வீடுகளின் சுவர்களில் தொங்கியவை இரவி வர்மாவின் அச்சுப் படங்கள், கடைகள் ஆண்டுதோறும் தரும் நாட்காட்டித் தெய்வங்கள், மறைந்த பெரியவர்களின் புகைப்படங்கள் ஆகியவையே. கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு வாங்குவது இயல்பான செலவு. உயிரோடிருக்கும் ஓவியர் ஒருவரிடம் படத்தை விலைக்கு வாங்குவது அப்படிப்பட்ட செலவாக இருக்கவில்லை.

ஆகவே கலைப்பள்ளியில் படித்து முடித்தவர்கள் வேறு வழிகளைத் தேடினர். சில்பி, மணியம் போன்றோர் வார இதழ்களுக்கு வரைந்து புகழ்பெற்றனர். கேரளத்தைச் சேர்ந்த நம்பூதிரி "மாத்ருபூமி" இதழில் சேர்ந்தார். சிலர் திரைப்படங்களுக்கு அரங்கம் அமைக்கச் சென்றனர். ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம் முதலியோருக்குக் கைத்தறித் துறையின் நெசவாளர் சேவை மையம் வேலை தந்தது. இவை அனைத்தும் மதிப்பான பணிகளே. ஆனால் இதழாசிரியரோ இயக்குநரோ கேட்பதை வரையும் ஒருவர் தமக்காக வரைவதற்கு நேரம் கிடைப்பது அரிது. திறமையான மாணவர்கள் ஓவியத்தை விட்டு விலகிச் செல்வதை முதல்வர் என்ற முறையில் பணிக்கர் ஆண்டுதோறும் கண்டுவந்தார்.

கைவினையும் பாத்திக் துணியும்

1960களின் தொடக்கத்தில் பணிக்கரும் அவரது மாணவர்களும் இதற்கு ஒரு வழியைக் கண்டனர். வாங்குபவரின் விருப்பத்துக்கேற்ப ஓவியத்தை மாற்றுவதற்குப் பதிலாக, விற்பதற்கென்று வேறொன்றைச் செய்வது. அதில் கிடைக்கும் பணத்தில் ஓவியத்தைத் தம் விருப்பப்படி வரைவது. கலைப்பள்ளியிலேயே கைத்தொழில் பிரிவுகள் இருந்ததால் அதற்கான பயிற்சிக்கும் கருவிகளுக்கும் குறைவில்லை. இந்த நோக்கத்துடன் கலைஞர் கைவினைச் சங்கம் உருவாக்கப்பட்டது. தோல், மட்பாண்டம், உலோகம் ஆகியவற்றிலும் பொருள்கள் செய்யப்பட்டன என்றாலும், அதிகம் விற்றது பாத்திக் துணியே.

பாத்திக் என்பது சாவகத் தீவில் செழித்த ஒரு சாயமிடும் முறை. உருக்கிய மெழுகைத் தூரிகையால் துணியில் தீட்டிய பின்னர் சாயத்தில் முக்குவர். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறம் வரை ஒவ்வொரு நிறத்துக்கும் மெழுகிடுவதும் முக்குவதும் மாறி மாறி நடைபெறும். காய்ந்த மெழுகில் ஏற்படும் வெடிப்புகளின் வழியே சாயம் கசிந்து, நரம்பு போன்ற மெல்லிய கோடுகளை உண்டாக்கும். இறுதியில் மெழுகை நீக்கினால் படம் வெளிப்படும். சூடான மெழுகு விரைவில் உறைந்துவிடும். வரைந்ததை அழிக்கவும் முடியாது. தயக்கமின்றிக் கோடிழுக்கத் தெரிந்தவருக்கே இது கைகூடும். கோட்டை நம்பிய சென்னை ஓவியர்களுக்கு இம்முறை எளிதாக வசப்பட்டதில் வியப்பில்லை.

பள்ளி நேரம் முடிந்த பிறகு ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து புடவைகளையும் சுவர்த் தொங்கல்களையும் செய்தனர். அவற்றைச் சென்னையிலும் பிற நகரங்களிலும் கண்காட்சி வைத்து விற்றனர். எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றின் முன் தயங்கி நின்ற குடும்பங்கள் அதே ஓவியரின் கைக்கோடுகள் கொண்ட புடவையைத் தயக்கமின்றி வாங்கின. பயன்படும் பொருளுக்கு விலை கொடுப்பதில் யாருக்கும் தடையிருக்கவில்லை. விற்பனைத் தொகையில் ஒரு பங்கு செய்தவருக்கும் மற்றொரு பங்கு பொது நிதிக்கும் சென்றது.

சோழமண்டலம்

இவ்வாறு சேர்ந்த பொது நிதியைக் கொண்டு, அடையாறு, திருவான்மியூர் ஆகியவற்றைத் தாண்டி மாமல்லபுரம் செல்லும் வழியில் உள்ள ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1966 இல் சோழமண்டல ஓவியர் கிராமம் தொடங்கியது. ஏறத்தாழ நாற்பது கலைஞர்கள் இதில் உறுப்பினராயினர். சோழர்களின் கடற்கரையைக் குறிக்கும் பழம்பெயரே கிராமத்துக்கு இடப்பட்டது. ஐரோப்பியர் நாவில் கோரமண்டல் எனத் திரிந்ததும் இப்பெயரே என்பர்.

அக்காலத்தில் ஈஞ்சம்பாக்கம் சவுக்குத் தோப்புகளும் மணலும் மட்டுமே கொண்ட மீனவர் பகுதி. மின்சாரம் இல்லை. முதலில் குடியேறியவர்கள் கீற்றுக் கொட்டகைகளில் தங்கினர். நகரத்திலிருந்து இவ்வளவு தொலைவில் யார் வந்து படம் வாங்குவார் என்ற ஐயம் அன்று பலருக்கு இருந்தது. நிலம் மலிவாக இருந்தது என்பதே இவ்விடத்தைத் தேர்ந்ததற்கு முதற் காரணம். அரசின் மானியத்தையோ செல்வந்தரின் கொடையையோ அடிப்படையாகக் கொள்ளாமல் கலைஞர்கள் தம் உழைப்பால் வாங்கிய நிலம் என்பதே இக்கிராமத்தை இந்தியாவின் பிற கலை நிறுவனங்களிலிருந்து வேறுபடுத்துகிறது.

எம். வி. தேவன், கே. வி. அரிதாசன், ஜே. சுல்தான் அலி, எஸ். ஜி. வாசுதேவ், அர்னவாஸ், பி. எஸ். நந்தன், எம். சேனாதிபதி, கே. ஜெயபால பணிக்கர், எஸ். பரமசிவம், கே. ராமானுஜம் முதலியோர் இக்கிராமத்துடன் தொடர்புடைய கலைஞர்களுள் சிலர். பட்டறைகளும் வீடுகளும் எழுப்பப்பட்டன. உறுப்பினர்களின் படைப்புகளை நேரடியாக விற்கும் காட்சிக்கூடமும் அமைந்தது. இடைத்தரகர் இன்றி வரைந்தவரே தம் படத்தின் அருகில் நின்று விற்கும் ஏற்பாடு சென்னைக்குப் புதியது. இதற்கு ஓராண்டு முன்னர், 1965 இல், சோலி தாருவாலா நகரின் நடுவே சரளா கலை மையத்தைத் தொடங்கியிருந்தார். சென்னையில் தனியார் ஓவிய விற்பனையின் தொடக்கமாக அதைக் கொள்ளலாம். ஆனால் ஒரு காட்சிக்கூடத்தால் அத்தனை ஓவியர்களுக்கும் வாழ்வளிக்க இயலாது.

திட்டம் எல்லாருக்கும் ஒரே அளவில் பலன் தந்தது என்று கூற முடியாது. சிலர் மெல்ல விலகினர். விசுவநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸில் குடியேறினர். கைவினை வேலை ஓவியத்துக்கான நேரத்தை விழுங்குகிறது என்ற குறையும் எழுந்தது. 1970களில் பாத்திக் மோகம் தணிந்தபோது அந்த வருவாயும் சுருங்கியது. சிறகுள்ள விலங்குகளும் கோபுரங்களும் தொப்பி அணிந்த மனிதனும் நிறைந்த கனவுலகைப் பேனாக் கோடுகளால் வரைந்த ராமானுஜம், 1973 இல் தம் முப்பதுகளின் தொடக்கத்திலேயே தற்கொலை செய்துகொண்டார். பேசவும் பழகவும் தயங்கிய அவரது திறமையைக் கண்டறிந்து, பள்ளியிலும் கிராமத்திலும் இடம் கிடைக்கச் செய்தவர் பணிக்கர். அவ்வகையில் ராமானுஜத்தின் மறைவு கிராமத்தின் தொடக்க கால வரலாற்றில் மிகத் துயரமான நிகழ்வாகும்.

சொற்களும் குறியீடுகளும்

பாத்திக் வேலை மும்முரமாக நடைபெற்ற அதே காலத்தில்தான் பணிக்கரின் ஓவியமும் முற்றிலும் மாறியது. 1963 இல் தொடங்கிய "சொற்களும் குறியீடுகளும்" வரிசையில் மனித உருவம் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. தொடக்கத்தில் கணிதக் குறிகளும் எண்களும் ரோமன் எழுத்துகளும் இடம் பெற்றன. விரைவில் அவற்றின் இடத்தை மலையாள எழுத்துகள் பிடித்தன. ஜாதகக் கட்டங்கள், மீன், பறவை, பாம்பு, தாந்திரீக வடிவங்கள் ஆகியவற்றுக்கிடையே வரிவரியாக எழுத்துகள் ஓடுகின்றன. பழைய ஏட்டுச்சுவடியையோ சோதிடரின் குறிப்பேட்டையோ பார்ப்பது போன்ற உணர்வை இவை தருகின்றன.

மலையாளம் அறிந்தவர்கள் இவற்றைப் படிக்க முயன்றால் ஏமாற்றமே கிடைக்கும். எழுத்துகள் பொருள் தரும் சொற்றொடர்களாக அமைவதில்லை. அவை கோட்டின் வடிவங்களாகவே பயன்படுத்தப்பட்டுள்ளன. 1950களில் இவரைத் துன்புறுத்திய கேள்விக்கு இதுவே விடையாக அமைந்தது. இந்தியத் தன்மை இப்போது வரைந்த பொருளில் இல்லாமல் வரையும் முறைக்குள் வந்துவிட்டது. விரும்பப்பட்ட நிலக்காட்சிகளையும் உருவ ஓவியங்களையும் விட்டுவிட்டு, யாரும் கேட்காத ஒன்றைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து வரைந்தார் என்பதையும் இங்குக் கவனிக்க வேண்டும். ஓவியர் வாங்குபவரை நம்பியிருக்கக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொன்னதை முதலில் தம்மிடமே செய்து பார்த்தார் எனலாம்.

எனினும் உருவத்தைக் கைவிடும்படி இவர் மாணவர்களை வற்புறுத்தவில்லை. சந்தானராஜ், தனபால், சுல்தான் அலி ஆகியோர் இறுதிவரை உருவத்தை விடவில்லை. ஆதிமூலம் 1969 இல், காந்தி நூற்றாண்டை ஒட்டி, காந்தியைக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களாக வரைந்து புகழ் பெற்றார். அருவ ஓவியத்துக்கு அவர் திரும்பியது பின்னரே. தமிழ்ச் சிற்றிதழ்களுடனும் நூல் அட்டைகளுடனும் அவருக்கு ஏற்பட்ட உறவால், சென்னை ஓவியர்களின் கோடு காட்சிக்கூடங்களுக்கு வராத வாசகர்களையும் சென்றடைந்தது.

இறுதிக் காலமும் அதன் பின்னரும்

1967 இல் ஓய்வு பெற்ற பின்னர் பணிக்கர் சோழமண்டலத்திலும் ஓவியத்திலும் முழுமையாக ஈடுபட்டார். 1976 இல் லலித் கலா அகாதெமியின் பேராளர் தகுதி இவருக்கு வழங்கப்பட்டது. 1977 ஜனவரியில் சென்னையில் காலமானார். தமது படைப்புகளில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றைக் கேரள அரசுக்கு வழங்கியிருந்தார். அவற்றைக் கொண்டு 1979 இல் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் இவர் பெயரால் ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. முதற்கால நீர்வண்ணங்கள் முதல் கடைசிக் குறியீட்டு ஓவியங்கள் வரை ஒரே இடத்தில் காண விரும்புவோர் அங்குதான் செல்ல வேண்டியுள்ளது. இவர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த சென்னையில் அதற்கு இணையான தொகுப்பு அமையவில்லை.

லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் சென்னை கிரீம்ஸ் சாலையில் திறக்கப்பட்டது பணிக்கர் மறைந்த மறு ஆண்டில், 1978 இல். 1984 இல் அப்பாராவ் கலைக்கூடம் தொடங்கப்பட்டது. அதன் பின்னர் நுங்கம்பாக்கம், மயிலாப்பூர், அடையாறு ஆகிய பகுதிகளில் தனியார் காட்சிக்கூடங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. அவற்றின் சுவர்களில் இடம்பெற்ற உருவ ஓவியங்களில் கணிசமானவை பணிக்கரின் மாணவர்களும் அவர்களது மாணவர்களும் வரைந்தவை.

பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946 - 2017) உலோகச் சிற்பங்களால் அறியப்பட்டவர். தந்தைக்குப் பின் சோழமண்டலத்தை நடத்திச் செல்வதில் முக்கியப் பங்காற்றினார். 2009 இல் அங்குச் சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதனுடன் லேபர்னம், இண்டிகோ என்னும் இரு விற்பனைக் காட்சிக்கூடங்களும் சேர்ந்து அமைந்தன. இவை வெளி ஓவியர்களுக்கும் கண்காட்சி நடத்த வாடகைக்கு விடப்பட்டன.